சிவகாசி வட்டாரத்தில் வீட்டுக் கணினியும் வரைகலை மென்பொருளும்

வரைகலை மென்பொருள் என்பது படம் வரையவும், ஒளிப்படத்தைத் திருத்தவும், எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கி அச்சுக்கு அனுப்பவும் உதவும் கணினி நிரல் ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, திருத்தங்கல் பகுதிகளில் இது 1990களில் அச்சகங்களுக்குள் வந்தது. பின்னர் வீடுகளுக்கும் பரவியது. பட்டாசுப் பெட்டியின் மேலட்டை, தீப்பெட்டி லேபிள், தினசரி காலண்டர், நோட்டுப் புத்தக அட்டை, கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றை வடிவமைப்போர் பலர் வீட்டில் ஒரு கணினியை வைத்து வேலை எடுத்துச் செய்தனர், இன்றும் செய்கின்றனர். கணினி மெதுவாக ஓடுவது, திரை உறைந்து நிற்பது, எழுத்து மாறிப்போவது ஆகிய மூன்றும் அவர்களது அன்றாடத் தொல்லைகள்.

இத்தொல்லைகள் வரும்போது "கம்ப்யூட்டர் போயிருச்சு" என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் ஓடுவதுதான் வழக்கம். ஆனால் பெரும்பாலான சமயங்களில் இயந்திரத்தில் பழுது ஏதும் இருப்பதில்லை. படத்தின் அளவு இயந்திரத்தின் கொள்ளளவை மீறியது ஒரு காரணம். தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்து என்று மென்பொருள் நம்பிக்கொண்டிருந்தது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தின் விளைவு இன்னும் தீரவில்லை.

கல்லில் இருந்து கணினிக்கு

சிவகாசியின் அச்சுத் தொழில் தீப்பெட்டித் தொழிலின் பிள்ளை. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று, அடுத்த ஆண்டு திரும்பிவந்து தொழில் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பிறகு வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்தத் தேவைதான் லித்தோ அச்சகங்களை இங்கே கொண்டுவந்தது.

லித்தோ என்பது சுண்ணாம்புக் கல்லின் மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து அச்சிடும் முறை. அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் இதைக் கண்டறிந்தார். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விதியில் இது நிற்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஓவியர் எழுத்தை இடம் வலம் மாற்றி வரைய வேண்டும். பிழை நேர்ந்தால் கல்லைத் தேய்த்து மறுபடி வரைய வேண்டும். மெதுவான வேலை என்றால் அதுதான் மெதுவான வேலை. ஆனால் அங்கே எழுத்து காணாமல் போகாது. 'கொ' என்று வரைந்தால் 'கொ' என்றுதான் அச்சாகும்.

பின்னர் ஆப்செட் இயந்திரங்கள் வந்தன. ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து நான்கு நிறங்களாகப் பிரித்து, பிலிமாக்கி, பிளேட்டில் ஏற்றினார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) போன்றோர் வரைந்த தெய்வ ஓவியங்கள் காலண்டர்களாக நாடெங்கும் சென்றன. ஓவியம் தூரிகையில், எழுத்து கையில் அல்லது ஈய அச்சில் என்றிருந்த நிலையைக் கணினி மாற்றியது. ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் 1985இலும், கோரல்டிரா 1989இலும், போட்டோஷாப் 1990இலும் வெளிவந்தன. இம்மூன்றின் பெயரும் நம் பகுதியில் தீப்பெட்டியின் பெயர் அளவுக்குப் பழகிப்போனது. 'டி.டி.பி.' என்று பலகை தொங்காத கடைத்தெரு இல்லை என்ற காலம் ஒன்று இருந்தது.

நினைவகக் கணக்கு

நான் பள்ளியில் கணக்கு நடத்தியவன். ஆகவே இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். 15 அங்குல அகலமும் 20 அங்குல உயரமும் உள்ள ஒரு காலண்டர் படத்தை எடுத்துக்கொள்வோம். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அகலத்தில் 4500 புள்ளி, உயரத்தில் 6000 புள்ளி. மொத்தம் 2 கோடியே 70 லட்சம் புள்ளிகள். அச்சுக்கு நான்கு நிறம் என்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட். ஆக 10 கோடியே 80 லட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 108 மெகாபைட். இது ஒரே ஓர் அடுக்கு உள்ள படத்துக்கு. அம்மன் ஓர் அடுக்கு, பின்னணி ஓர் அடுக்கு, கடைப் பெயர் ஓர் அடுக்கு என்று வைத்தால் இது பெருகும். செய்ததைத் திரும்பப் பெறும் வசதிக்காகப் பழைய நிலைகளையும் மென்பொருள் சேர்த்து வைக்கும்.

1998 வாக்கில் ஒரு சாதாரண வீட்டுக் கணினியின் நினைவகம் 32 மெகாபைட் இருந்தால் நல்ல கணினி. மீதிப் படம் எங்கே போகும்? வன்தட்டுக்குத்தான். நினைவகத்தில் இடமில்லாதபோது போட்டோஷாப் வன்தட்டின் ஒரு பகுதியை எழுதுபலகைபோல் பயன்படுத்தும். அதற்கு 'ஸ்க்ராட்ச் டிஸ்க்' என்று பெயர். வன்தட்டு நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. ஒரு தூரிகைக் கோடு இழுத்துவிட்டு டீ குடித்து வரலாம் என்று அக்காலத்து வடிவமைப்பாளர்கள் சொல்வது மிகையல்ல. வன்தட்டும் நிறைந்துவிட்டால் வேலை நின்றுவிடும். 1.44 மெகாபைட் பிளாப்பியில் இந்தப் படத்தைச் சுருக்காமல் எடுத்துப்போக 75 பிளாப்பி வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்க.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி எளியது. குறைந்த புள்ளி அடர்த்தியில் ஒரு சிறிய நகலை வைத்துப் பக்கத்தை அடுக்கி, முழுப் படத்தை அச்சுக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் மாற்றிக்கொண்டார்கள். கோரல்டிராவில் நிறம் நிரப்பாமல் கோடுகளை மட்டும் காட்டும் 'ஒயர்ஃப்ரேம்' பார்வையில் வேலை செய்தார்கள். இன்று 16 கிகாபைட் நினைவகம் உள்ள கணினியிலும் இதே காரணத்தால் இதே தொல்லை வரும். படங்களும் அதற்கேற்பப் பெருத்துவிட்டன.

நினைவகத்தைக் கூட்டியும் வேகம் வராத ஒரு காலம் இருந்தது. விண்டோஸ் 95, 98 ஆகியவை பழைய 16-பிட் அமைப்பின் சில பகுதிகளைச் சுமந்து வந்தன. சாளரம், பொத்தான், தூரிகை போன்றவற்றின் குறிப்புகளை வைக்க அவற்றில் இருந்த சில தொட்டிகளின் அளவு 64 கிலோபைட் மட்டுமே. அது நிறைந்தால், நினைவகம் எவ்வளவு காலியாக இருந்தாலும் கணினி திணறும். கடன் வாங்கி நினைவகச் சில்லு வாங்கிப் போட்டவர்கள் ஏமாந்தது இதனால்தான். விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை வந்த பிறகே இந்தத் தடை நீங்கியது.

ஆங்கில எழுத்தாக நடித்த தமிழ் எழுத்து

கணினி எழுத்தை எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. அக்காலத்து எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள். ஆங்கில எழுத்துகளுக்கு என்று வைத்த இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துரு செய்தார்கள். உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனி இடம் தேவையில்லை. கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே 247 எழுத்தும் அந்தச் சிறிய பெட்டிக்குள் அடங்கின. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுத்துகளை அடுக்கியது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் குப்பையாகத் தெரியும்.

திரையில் பார்ப்பவருக்கு அது தமிழ். மென்பொருளுக்கோ அது பொருளற்ற ஆங்கிலம். எழுத்துத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்தால் விளைந்தது. எடுத்துக்காட்டாக, பாமினியில் சிறிய 'எம்' விசை 'அ'. பெரிய 'எம்' விசை 'ஆ'. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கும் வசதி சொற்செயலியில் இயங்கினால், 'அம்மா' என்று தட்டியது 'ஆம்மா' என்று மாறிவிடும். எத்தனை முறை திருத்தினாலும் மாறும். ஆங்கில இலக்கணம் அறிந்த மென்பொருள் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அதன் பிழைதிருத்தியோ ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் பிழையான ஆங்கிலச் சொல் என்று கருதிச் சிவப்புக் கோடு போட்டது. பக்கம் முழுவதும் கோடு போடுவதும் அழிப்பதுமாகக் கணினி மேலும் மெதுவானது. இந்த இரண்டு வசதிகளையும் அணைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆனால் அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லித்தர அன்று நம் ஊர்களில் ஆள் இல்லை.

காணாமற்போகும் எழுத்துக்கும் இதுவே விளக்கம். ஆங்கில எண்வரிசையில் 173ஆம் இடம் 'மறைந்த இணைப்புக் கோடு'. வரி உடையும்போது மட்டும் தோன்றும், மற்ற நேரம் தெரியாது. இணையத்தில் தமிழர்கள் பயன்படுத்திய டிஸ்கி குறியேற்றத்தில் அந்த இடத்தில் 'இ' வந்து அமர்ந்தது. சில செயலிகள் அதை மறைத்துவிட்டன. 'இரவு' என்பது 'ரவு' ஆகும். திதியும் நட்சத்திரமும் 'இரவு எத்தனை மணி வரை' என்று போடும் தினசரி காலண்டர் தாளில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் 'இ'க்கு வேறோர் இடமும் ஒதுக்கப்பட்டது.

வரியின் முடிவில் கொம்பு தனித்து நின்று, அதற்குரிய மெய் அடுத்த வரிக்குப் போவதும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயர் இப்படி உடைந்து அச்சாகி, ஐந்நூறு பத்திரிகையும் வீணாகி, கூலியும் கிடைக்காமல் போனவரை நான் அறிவேன். தாள் செலவையும் அவரே ஏற்க வேண்டியதாயிற்று.

எழுத்துருக்கள் பெருகியதால் மற்றொரு சுமையும் வந்தது. வாடிக்கையாளர் எந்த எழுத்துருவில் கொண்டுவந்தாலும் திறக்க வேண்டும் என்பதால், நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களை ஒரே கணினியில் நிறுவினார்கள். விண்டோஸ் 95, 98 ஆகியவை தாங்கியது ஏறக்குறைய ஆயிரம் எழுத்துருக்களையே. அதற்குக் கீழே இருந்தாலும், மென்பொருள் திறக்கும்போது ஒவ்வொன்றையும் படித்துப் பட்டியலிட நேரம் பிடிக்கும். ஜிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள் முதன்முறை திறக்கும்போது எழுத்துருக்களைத் தேடிக்கொண்டு நெடுநேரம் நிற்பதும் இதனால்தான். பயன்படாத எழுத்துருக்களை வேறு கோப்புறைக்கு நகர்த்தி வைப்பது, செலவில்லாத முதல் வைத்தியம்.

கர்வ் பண்ணுதல்

வீட்டில் அடுக்கிய பக்கத்தை அச்சகக் கணினியில் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அதே பெயரில் வேறு பதிப்பு இருந்தால் இன்னும் ஆபத்து. ஒன்றிரண்டு எழுத்து மட்டும் மாறும், கண்ணுக்குப் படாது. இதற்குத் தொழிலில் கண்ட தீர்வு, எழுத்தை எழுத்தாக வைக்காமல் வளைகோடுகளால் ஆன படமாக மாற்றிவிடுவது. கோரல்டிராவில் கன்ட்ரோல் விசையோடு 'க்யூ' விசையை அழுத்தினால் போதும்.

ஆனைக்குட்டத்தில் இருந்து ஒரு விழா அறிவிப்பை வடிவமைத்து, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நான் முதன்முதலில் அச்சகத்துக்குப் போனபோது, அங்கிருந்த தம்பி கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், கர்வ் பண்ணாமக் கொண்டாந்திருக்கீகளே" என்றார். என்னிடம் படித்தவர்தான். அன்று அவரிடம் நான் படித்தேன்.

கர்வ் பண்ணிய பக்கம் எந்தக் கணினியிலும் மாறாது; அச்சில் தவறாது. ஆனால் இதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, வேகம். தமிழ் எழுத்து வளைவு மிகுந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உண்டு. 'ணு', 'ஞ' போன்ற எழுத்து ஒவ்வொன்றும் பல புள்ளிகளால் ஆன ஒரு வரைபடம் ஆகிவிடும். ராகுகாலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் நிறைந்த 365 காலண்டர் தாள்களைக் கர்வ் பண்ணினால், திரையை ஒருமுறை நகர்த்தும்போதெல்லாம் கணினி அத்தனை புள்ளிகளையும் மறுபடி வரைய வேண்டும். ஆகவே கர்வ் பண்ணும் முன் மூலக்கோப்பைத் தனியே சேமித்து, நகலில் மட்டும் அதைச் செய்வதே முறை. அவசரத்தில் பலர் இதைச் செய்யவில்லை. இரண்டாவது விலையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒருங்குறி வந்த பிறகு

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதில் தமிழும் இருந்தது. ஆனால் நம் நாட்டில் அது புழக்கத்துக்கு வர நெடுங்காலம் ஆனது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு 8-பிட் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. ஒருங்குறித் தமிழைக் காட்டும் வசதி விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவுடன் வந்தது. எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் ஒரு குறியிட்டு, நிறுவல் குறுவட்டைச் செருகி, கணினியை மறுபடி இயக்க வேண்டும். குறுவட்டு யாரிடம் இருந்தது?

ஒருங்குறியில் 'கெ' என்பதை முதலில் 'க', அடுத்துக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்க வேண்டும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் விழும். புள்ளிவட்டம் ஒன்றும் தோன்றும். இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டிய தமிழ், வரைகலை மென்பொருளில் சிதைவதன் காரணம் இதுவே. பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அது ஒருங்குறியைக் கற்கவே இல்லை. இருந்தும் அச்சகங்கள் அதை நெடுங்காலம் விடவில்லை, பழகிய கை. கோரல்டிராவின் எக்ஸ்6 பதிப்பும் இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பும் 2012இல் வந்த பிறகே இவ்வகை எழுத்துமுறைகளுக்கு முறையான ஆதரவு கிடைத்தது. போட்டோஷாப் 2015இல் சேர்ந்துகொண்டது. அதிலும் விருப்பத்தேர்வுகளுக்குள் சென்று தெற்காசிய எழுத்துமுறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. அந்த மாற்றம் புதிதாகத் தொடங்கும் கோப்புக்கே பொருந்தியது என்பது பலருக்குத் தெரியவில்லை. "ஆன் பண்ணியும் வரலை சார்" என்று வந்தார்கள்.

இடையில் 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும், 'டேஸ்16' என்ற குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. பின்னதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் முழு வடிவமாகத் தனி இடம் உண்டு. கொம்பை நகர்த்தத் தெரியாத அச்சு மென்பொருளுக்கு அது உதவும் என்பது எண்ணம். பெருவழக்காக அது வளரவில்லை. கட்டற்ற மென்பொருள்களில் ஜிம்பும் (1996) இங்க்ஸ்கேப்பும் (2003) எழுத்தைக் கோக்கும் பணியைப் பாங்கோ என்ற பொது நிரலிடம் விட்டதால், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு முன்பே தமிழை ஒழுங்காகக் காட்டின. நான்கு நிற அச்சுக்கு அவை முழுமையாக ஈடுகொடுக்காததால் சிவகாசித் தொழிலில் அவை இடம்பெறவில்லை. மாணவர்களுக்கு இன்றும் நான் அவற்றையே பரிந்துரைக்கிறேன்.

வெயில், தூசி, மின்வெட்டு

மென்பொருளைச் சேராத காரணங்களும் உண்டு. அர்ஜுனா நதி அணையின் பக்கம் இருந்தும் எங்கள் ஊர் வெயில் குறைவதில்லை. செயலி சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிற்பகலில் மட்டும் மெதுவாகும் கணினியில், முதலில் பெட்டியைத் திறந்து விசிறியில் படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். திரையில் கோடுகள் கிழிந்து தெரிந்தால் திரையட்டையின் இயக்கி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை வன்பொருள் முடுக்கத்தை அணைத்து வைக்கலாம்.

2012 வாக்கில் மின்வெட்டு பல மணி நேரம் நீடித்தது. சேமிக்காத வேலை நொடியில் போகும். தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கினால், பெரிய கோப்பில் ஒவ்வொரு முறையும் கணினி சில நிமிடம் உறைந்து நிற்கும். எரிச்சலில் அதை அணைத்துவிட்டுப் பின்னர் ஒருநாள் வேலையை இழந்தவர்கள் ஏராளம். இடைவெளியை அரைமணியாக வைத்து, யூ.பி.எஸ். பேட்டரியைப் பார்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது.

பழைய கோப்புகள்

கர்வ் பண்ணியதன் இரண்டாவது விலை இதுதான்: எழுத்து படமான பிறகு அதைத் தேட முடியாது, திருத்த முடியாது, நகலெடுத்து ஒட்ட முடியாது. ஊர் வரலாறு பற்றி 2003இல் வெளியான ஒரு விழா மலரின் கட்டுரைகளை இக்களஞ்சியத்துக்குப் பயன்படுத்த விரும்பினேன். 48 பக்க மலர். வடிவமைத்தவர் குறுவட்டைப் பத்திரமாக வைத்திருந்து, மகிழ்ச்சியோடு கொடுத்தார். திறந்தால் எல்லாப் பக்கமும் வளைகோடு. ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை. கட்டுரை எழுதிக் கொடுத்த முதியவர்களில் சிலர் இன்று இல்லை, கையெழுத்துப் பிரதிகளும் இல்லை.

இவ்வாறு அகப்பட்ட கோப்புகளை மீட்க இரண்டு வழி உண்டு. எழுத்து எழுத்தாகவே இருந்து, குறியேற்றம் மட்டும் பழையதாயின், என்.எச்.எம். மாற்றி, பொங்குதமிழ் போன்ற செயலிகள் அதை ஒருங்குறியாக்கும். எந்த எழுத்துருவில் எழுதியது என்பது மட்டும் தெரிய வேண்டும். ஆகவே எழுத்துருவின் பெயரைக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி வையுங்கள். கர்வ் பண்ணிய கோப்பாயின், பக்கத்தை 300 புள்ளி அடர்த்தியில் கறுப்பு வெள்ளைப் படமாக ஏற்றுமதி செய்து, டெசராக்ட் போன்ற எழுத்துணரியில் கொடுக்க வேண்டும். அச்சிட்ட புத்தகத்தை வருடுவதைவிட இது தெளிவாக வரும். ஆயினும் 'ரகர'மும் காலும் மாறும், 'ண', 'ன' குழம்பும். வரிவரியாக ஒப்பிட வேண்டும். மலரில் 31 பக்கம் முடிந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மாலையில் இரண்டு மாணவிகள் வருகிறார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் திருத்துகிறார்.